விலாங்கு வளைக்குள் போன விதம்

"இன்னைக்காவது காவி குடுங்க, தாயே. இனிமே பொறுக்க முடியாது."

துறவி பூரணி தன் சீடரை ஏறிட்டுப் பார்த்தார். சீடருக்கு அவரைவிட இருபது வயது கூடுதல்.

"என்ன அவசரம், அண்ணாச்சி?"

"அந்தா, மக வாரா. பஸ்ஸை விட்டு எறங்கிட்டா."

சீடர் லிங்கதுரை படகுக்காரர். மகள் தனக்குப் பிடித்தவனைத்தான் கட்டுவேன் என்றாள். இவர் கோபித்துக்கொண்டு, கடலோர மணல்திட்டில் இருந்த இந்தக் குடிலுக்கு வந்துவிட்டார்.

விடிந்தால் அவளுக்குக் கல்யாணம்.

"காவி கட்டிட்டா என்னைக் கூப்பிட முடியாதுல்லா?"

"தாரேன். முதல்ல, விலாங்கு வளைக்குள்ள எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு வாங்க."

"இதென்ன கேள்வி? தலையை விட்டுத்தான் போகும். நான் பாக்காத விலாங்கா?"

"வலையில பாத்திருப்பீக. வளையில பாத்துட்டு வாங்க."

கடல் உள்வாங்கிக் கிடந்தது. தேங்கிய குட்டையில், பாசியோரம் ஒரு விலாங்கு நெளிந்தது. லிங்கதுரையின் நிழல் மேலே விழுந்ததும் வெடுக்கென்று துள்ளியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

அவ்வளவுதான். சேற்றை வாரியடித்துக்கொண்டு ஓடி வந்தார் பாருங்கள்!

"தாயே! வாலு! வாலு முதல்ல!"

"மெதுவா, அண்ணாச்சி. மூச்சு வாங்குது."

"வாலை மணல்ல குத்தி, திருகித் திருகி, பின்னாலயே எறங்குது தாயே! உடம்பு பூரா உள்ள போயிட்டு. தலை மட்டும் வெளிய. கண்ணு ரெண்டும் என் மேலயே இருக்கு! பயந்து ஒளியுற பய, என்னைப் பாத்துக்கிட்டேல்லா ஒளியுதான்!"

பூரணி காவித் துணியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார்.

"குடிலுக்குப் பின்னால மறைவிருக்கு. உடுத்திட்டு வாங்க."

லிங்கதுரை விறுவிறுவென்று நடந்தார்.

நின்றார்.

சட்டென்று திரும்பி, குடிலுக்கு முதுகைக் காட்டியபடி பின்பக்கமாகவே கால் வைத்தார்.

"இதென்ன கூத்து, அண்ணாச்சி?"

அவர் கண் மகள் வரும் பக்கமே இருந்தது. தூரத்தில் மகள் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். கால் புதைந்தது, பிடுங்கினாள், மறுகால் புதைந்தது. தடுமாறி முகம் குப்புற விழுந்தாள். பக்கவாட்டில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

"ஏ பிள்ளே! அந்தப் பக்கம் மிதிக்காத, பூரா சகதி! நில்லு, அப்பா வாரேன்!"

"துணியைக் குடுத்துட்டுப் போங்க, அண்ணாச்சி!" ஓடுகிறவரைப் பார்த்துப் பூரணி சத்தம் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் காவியை வைத்துத்தான் லிங்கதுரை மகள் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.