நிமிஷத்துக்கு இருபது குமிழி

"முள் அசைஞ்சா கை அசையணும்மா. அப்படித்தானே எங்களுக்குப் பழக்கம்?" என்றார் தணிகாசலம்.

முப்பத்திரண்டு வருடம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்றபின் கூடத்தில் நாலடி நீளத்துக்குக் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் உயிருள்ள பவளம் வளர்க்கிறார்.

ஹெப்சிபா அவரைவிட முப்பது வயது இளையவர். பவளம் வளர்ப்பவர்கள் பாதி கேலியாகவும் பாதி பயத்தோடும் அவரை 'குரு' என்பார்கள்.

"எத்தனை தடவை திருகினீங்க, சார்?"

"இன்னிக்கா, மொத்தமாவா?"

குரு தொட்டிப் பக்கம் திரும்பினார்.

தொட்டிக்குப் பக்கத்தில் கால்சியம் ரியாக்டர் நின்றது. மாட்டி ஒன்பது நாள்தான் ஆகிறது. ஒரு குழாய் நிறையச் செத்த பவளத் துண்டுகள். அதற்குள் கரியமில வாயு குமிழி குமிழியாகப் போகும். நீர் லேசாகப் புளித்துத் துண்டுகளைக் கரைக்கும். அந்தச் சுண்ணாம்பு நீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழ, உயிருள்ள பவளம் அதை எடுத்துக்கொண்டு வளரும்.

வாயுவுக்கு ஒரு திருகு, நீருக்கு ஒரு திருகு. தணிகாசலத்துக்கு இரண்டு கை இருந்ததுதான் வினை.

தொட்டி நீரில் சுண்ணாம்புக் காரம் எவ்வளவு என்று தினம் நான்கு முறை சோதித்தார். அளவு இறங்கினால் இரண்டையும் கூட்டினார். ஏறினால் இரண்டையும் குறைத்தார். எட்டில் நிற்க வேண்டியது ஆறுக்கும் பதினொன்றுக்கும் இடையே ஊஞ்சலாடியது.

ஊதாப் பவளத்தின் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது.

அது ஹெப்சிபா வெட்டிக் கொடுத்த துண்டு. ஒருவர் தொட்டி போனாலும் இன்னொருவர் தொட்டியில் இருக்கட்டும் என்று இவர்கள் இப்படிக் கொடுத்து வைப்பது வழக்கம். போன புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஹெப்சிபாவின் தொட்டி முழுக்கச் செத்துவிட்டது. அந்த ஊதாவில் மிச்சம் இது ஒன்றுதான். இப்போது பெயர்த்தெடுத்தால் இதுவும் பிழைக்காது.

ஹெப்சிபா வாயுவை நிமிஷத்துக்கு இருபது குமிழிக்கு வைத்தார். நீர்ச் சொட்டையும் எண்ணி வைத்தார். பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு திருகிலும் ஆரம்பித்து அதைப் பிடித்திருக்கும் உலோகம்வரை ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

"மூணு நாளைக்கு இந்தக் கோடு நேரா இருக்கணும்."

"மூணு நாளா? அதுக்குள்ள செத்துப்போச்சுன்னா?"

ஹெப்சிபா தொட்டிக்கு எதிரே ஒயர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்குத் தணிகாசலம் சோதித்தார்.

"ஏழு. கொஞ்சூண்டு கூட்டட்டுமா?"

"வேண்டாம் சார்."

மூன்று மணிக்கு மறுபடி சோதித்தார்.

"ஆறே முக்கால்! இறங்குதும்மா!"

"பார்த்தேன்."

"ஒரு கால் திருகு. கால்கூட வேண்டாம், ஒரு நூலளவு."

"உட்காருங்க சார்."

தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கென்ன, சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. நாளைக்கு அது வெள்ளையா நின்னா யாரு பார்க்கிறது?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஹெப்சிபா கோபப்படவில்லை. ஊதாவை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. காலையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியேதான் இருந்தார். வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"எப்படிம்மா உங்களால பயமில்லாம உட்கார முடியுது?"

"பயமில்லைன்னு யார் சார் சொன்னா?"

தொடைக்கு அடியிலிருந்து இரண்டு கைகளையும் உருவி நீட்டினார். உள்ளங்கை இரண்டிலும் ஒயர் பின்னல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் காட்டினார். பிறகு மறுபடி அடியில் வைத்துக்கொண்டார்.

தணிகாசலம் இன்னொரு ஒயர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.