நாலு கிலோ தண்ணீர்

காட்டோரப் பண்ணை ஒன்றில் இரண்டு பன்றிக் குட்டிகள் அடுத்தடுத்த கொட்டிலில் இருந்தன. ஒன்று சீமைப் பன்றி, பெயர் துரை. மற்றது நாட்டுப் பன்றி, பெயர் கருப்பட்டி. துரைக்குத் தன் வெள்ளைத் தோலைப் பற்றி இருந்த கர்வம் சொல்லி மாளாது. சேற்றில் புரளும் பிராணிக்கு வெள்ளைத் தோல் எதற்கு என்று அது ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு மாலை பண்ணைக்காரர் சவரிமுத்து வந்தார். "நாளைக்குக் காலையில உங்களை எடை போடுவேன். நூறு நாள் கழிச்சு மறுபடி போடுவேன். எது அதிகமா வளர்ந்திருக்கோ அது இங்கே இருக்கும். மத்தது கசாப்புக்கடைக்குத்தான்!"

கருப்பட்டி கொட்டில் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது. துரையோ விடிந்ததும் தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்தது, எடுக்கவே இல்லை.

"எதுக்கு அண்ணே இவ்வளவு தண்ணி?"

"போடா பொடியா! என்னைக் கண்டதும் தராசு முள் ஓட வேண்டாமா? முதல் நாளே நான் யாருன்னு காட்டணும்!"

முள் ஓடத்தான் செய்தது. கருப்பட்டி பதினைந்து கிலோ. துரை இருபத்து நான்கு! அதில் நாலு கிலோ வெறும் தண்ணீர். அதற்கே வாலைச் சுருட்டிக்கொண்டு ஊர்வலம் வந்தது அந்த அசடு.

நூறு நாளும் இரண்டும் ஒரே தவிட்டையும் புண்ணாக்கையும் தின்றன. துரை தின்றதைவிடப் பீற்றிக்கொண்டதுதான் அதிகம்.

கடைசி எடைக்கு முந்தின மாலையே சவரிமுத்து தண்ணீரை நிறுத்திவிட்டார். துரை காலித் தொட்டியை நக்கிப் பார்த்தது. 'போகட்டும், எப்படியும் நான்தான் கனம்' என்று தராசில் ஏறியது.

எழுபத்தெட்டு கிலோ! கருப்பட்டி எழுபத்தொன்றுதான்.

"பார்த்தியாடா? சீமை இனம்னா சீமை இனம்!"

சவரிமுத்து நோட்டைப் பார்த்துக் கழித்தார். "வெள்ளை வளர்ந்தது ஐம்பத்து நாலு. கறுப்பு ஐம்பத்தாறு. வெள்ளையை வண்டியில ஏத்த வேண்டியதுதான்!"

துரைக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் குடிக்காமல் இருந்திருந்தால் அதன் கணக்கு ஐம்பத்தெட்டு.

"ஐயா! அன்னைக்கு நாலு கிலோ தண்ணிங்க!" என்று அலறியது. சவரிமுத்துவின் காதில் அது வெறும் பன்றிக் கத்தலாகத்தான் விழுந்தது.

"அதை அன்னைக்கே குடிக்காம இருந்திருக்கலாமே அண்ணே!" என்றது கருப்பட்டி. வண்டி புறப்பட்டுவிட்டது.

வளர வேண்டிய நேரத்தில் வளர்ந்துவிட்டதாகக் காட்டிக்கொள்கிறவன், தன் வளர்ச்சியைத் தானே கெடுத்துக்கொள்கிறான்.