ஒன்றரைத் தாவல்

ஒரு காட்டில், ஆற்றின் நடுவே இருந்த மணல்திட்டில், ஒரு பள்ளிக்கூடம் நடந்து வந்தது. அங்கே போய் ஏன் பள்ளிக்கூடம் வைத்தார்கள் என்று கேட்பீர்கள், பிள்ளைகளே. காட்டுத் தீ வந்தால் திட்டுக்கு எட்டாது, அதுதான் காரணம்.

கோடையில் ஆற்றுக் கற்களின் மேல் நடந்தே போய் வரலாம். மழை வந்துவிட்டால் தாழ்ந்த கற்கள் முழுகிவிடும். திட்டை ஒட்டி ஒன்று, கரையை ஒட்டி ஒன்று என்று இரண்டு பெரிய பாறைகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். மலையில் மழை வலுத்தால் திட்டே முழுகும். அப்போது பாறைக்குப் பாறை தாவித்தான் வீடு போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பள்ளியில் கீரி, விளையாட்டு வாத்தியார். பிடித்தால் விடாத குணம் அதற்கு. போன மழையில் முள்ளம்பன்றிக் குட்டி ஒன்று பாறை தவறி ஆற்றில் விழுந்தது. கீரி பாய்ந்து நீந்தி, அதை இழுத்துக் கரையில் போட்டது. குட்டி பிழைத்தது. அதன் முட்கள் தைத்த வடு மட்டும் கீரியின் உள்ளங்கையில் நின்றுவிட்டது. மேகம் கறுத்தாலே அந்த வடு விண்விண் என்று தெறிக்கும்.

"இந்த மழைக்கு ஒரு குட்டியும் விழக் கூடாது" என்று கீரி தனக்குள் சொல்லிக்கொண்டது.

சாயங்காலம் கடைசி வகுப்பு விளையாட்டு. மூங்கில் ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கீரி வந்தால், பலகைக்கு முன்னால் கணக்கு வாத்தியார் நரி நின்றுகொண்டிருக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து தொந்தி போட்ட நரி. உலகத்தில் தன் பாடத்தை விட்டால் வேறு பாடமே இல்லை என்பது அதன் எண்ணம்.

"கீரி சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்க பீரியடைக் கொடுங்க. வகுத்தல் பாக்கி இருக்கு."

"நேத்தும் இதையேதானே சொன்னீங்க?"

"நேத்து பெருக்கல், சார்."

கீரி தலைமையாசிரியர் கரடியிடம் போனது. அடுத்த மலைப் பள்ளியைவிடத் தன் பள்ளிக்கு நல்ல பெயர் வரவேண்டும் என்பதே கரடியின் கவலை.

"விளையாட்டுக்குப் பரீட்சை உண்டா?" என்று கேட்டது கரடி.

"இல்லை ஐயா. ஆறு இருக்கு."

"ஆறு பரீட்சை வைக்குமா?"

"வைக்கும் ஐயா. சொல்லாமக் கொள்ளாம வைக்கும்."

"அடுத்த மலையில எல்லாருமே நூத்துக்கு நூறாம். இங்கே நீரோ, பிள்ளைங்க குதிக்கணும், ஓடணும்கிறீர். வேணும்னா தாவுறதைப் பலகையில எழுதிப் போடச் சொல்றேன். பிள்ளைங்க மனப்பாடம் பண்ணட்டும்."

மறுநாள் வகுப்பு கூவியது: "தரையை விட்டு எழும்பித் தரைக்கே திரும்புவது தாவுதல் எனப்படும்!" கூவிய அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்ததும் எழுந்த முயல்குட்டி, பொத்தென்று விழுந்தது.

"கால் மரத்துப் போச்சு சார்" என்றது அது.

கீரி பொறுக்க மாட்டாமல் வாசலில் நின்று ஊதலை ஊதியது. பாடம் கெடுகிறதென்று கரடி ஓடி வந்து, ஊதலைப் பிடுங்கிக்கொண்டு போய், தன் இடத்தில் அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அன்று கீரியின் உள்ளங்கை விண்விண் என்று தெறித்தது. மலை உச்சியில் முதல் மேகம். கேட்டால் கொடுக்க மாட்டார்கள், ஊதினால் பிடுங்குகிறார்கள். கீரி ஆற்றங்கரையில் நெடுநேரம் நின்று பாறைகளையே பார்த்தது. அப்புறம் இறங்கிப் போய், பாறைக்கும் பாறைக்கும் இடையில் சாண் போட்டு அளந்தது. மறுநாள் இடைவேளையில் பிள்ளைகளைச் சும்மா தாவச் சொல்லி, அதையும் அளந்து வைத்துக்கொண்டது.

சாயங்காலம் நரி வாயைத் திறக்கும் முன்பே கீரி சொன்னது: "என் பீரியடை எடுத்துக்கங்க சார். ஆனா ஒரே ஒரு கணக்கு, நான் கொடுக்கிறதை நடத்தணும்."

நரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அடடே! உங்களுக்கும் கணக்கில ஆசை வந்திடுச்சா? கொடுங்க, கொடுங்க." இந்த அதிசயத்தைப் பார்க்கக் கரடியும் வந்து வாசலில் நின்றது.

கீரி சொல்லச் சொல்ல நரி எழுதியது: "இரண்டு பாறைகளுக்கு இடையே ஆறு சாண். மான்குட்டி ஒரு தாவலில் நான்கு சாண் கடக்கும். அடுத்த பாறைக்குப் போக எத்தனை தாவல்?"

"பூ! இவ்வளவுதானா?" என்றது நரி.

புள்ளிமான்குட்டி பொட்டு துள்ளி எழுந்தது. "ஒன்றரைத் தாவல், சார்!"

"பலே! முழு மதிப்பெண்! கை தட்டுங்க!"

எல்லோரும் தட்டினார்கள். கரடியும் தட்டியது. கீரி மட்டும் தட்டவில்லை.

"பொட்டு, முதல் தாவல் தாவிட்டே. இப்போ எங்கே நிக்கிறே?"

"நாலாவது சாண்ல, சார்."

"அங்கே என்னம்மா இருக்கு?"

பொட்டு பலகையைப் பார்த்தது. வெளியே ஆற்றைப் பார்த்தது. அதன் காதுகள் தொங்கிப்போயின.

"தண்ணி, சார்."

"மீதி அரைத் தாவலை எங்கே நின்னு தாவுவே?"

பொட்டு மெல்ல உட்கார்ந்தது. முதல் வரிசையிலிருந்து கரடியின் சொந்தக் குட்டி கையைத் தூக்கியது.

"அப்பா, நான் இடைவேளையில ரெண்டு சாண்தான் தாவினேன். அப்போ எனக்கு மூணு தாவல் ஆகும். முழு மதிப்பெண்தானேப்பா?"

மறுபடி தட்டப் போன கரடியின் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"கணக்கு தப்பில்லையே!" என்று நரி பதறியது.

"தப்பே இல்லை சார். சரியா இருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றது கீரி.

தூரத்தில் மலை உறுமியது. கரடி மெல்ல நடந்து தன் இடத்துக்குப் போய், அடியில் கிடந்த ஊதலை எடுத்து, துடைத்து, கீரியின் கழுத்தில் மாட்டியது.

அன்றிலிருந்து கடைசி வகுப்பில் பலகைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. கீரி மணலில் இரண்டு கோடு கிழித்தது. நடுவில் ஆறு சாண். "இது ஆறு, அது கரை. விழுந்தா மணல்தான், பயப்படாதே. தாவு!" விழுந்தார்கள், மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். நரி ஒரு குச்சியோடு நின்று, யார் யார் எவ்வளவு கூடுதலாகத் தாண்டினார்கள் என்று குறி போட்டது. அது அதற்குப் பிடித்த வேலை.

"நீங்களும் ஒரு தரம் தாவிப் பாருங்க சார்" என்றது கீரி.

"நான் கணக்கு வாத்தியார், ஐயா."

"ஆறு அதைக் கேட்டுக்கிட்டா வரும்?"

நரி குச்சியால் இன்னொரு குறி போட்டது. ஆனால் காலையில் கீரி முதல் ஆளாக வரும்போது, இரண்டு கோடுகளுக்கும் நடுவே கனத்த காலடித் தடங்கள் பதிந்திருக்கும். நரியின் தடங்கள். பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்களே என்று கீரி அவற்றைத் தன் வாலால் பெருக்கிவிடும்.

ஒரு நாள் வகுப்பு நடக்கும்போதே ஆறு பரீட்சை வைத்தது. மலையிலிருந்து செந்நிறத் தண்ணீர் உருண்டு வந்தது. கற்கள் முழுகின. திட்டின் ஓரம் கரைந்தது.

"வரிசை!" என்று கீரி ஊதியது.

கரடி முதலில் தாவிப் போய், அக்கரையில் கையை நீட்டிக்கொண்டு நின்றது. பொட்டு தாவியது. முயல்குட்டி தாவியது. முள்ளம்பன்றிக் குட்டி, போன மழையை நினைத்து ஒரு கணம் கண்ணை மூடி, அப்புறம் திறந்து தாவியது. கரடிக்குட்டி பாறையின் விளிம்பைத் தொட்டு, நகத்தால் கவ்வி, மேலே ஏறிவிட்டது. ஒருவர் பாக்கியில்லாமல் கரை சேர்ந்தார்கள்.

திட்டில் கீரியும் நரியும் மட்டும். நரி எப்படியோ முதல் பாறைக்கு வந்துவிட்டது. அங்கே தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"கீரி சார், என் குட்டு உங்களுக்குத் தெரியும்தானே? மணல்ல அஞ்சரைச் சாணுக்கு மேல நான் போனதே இல்லை."

"தெரியும் சார். மணல்ல உங்களுக்குக் கை தட்ட யாரும் இல்லை."

கீரி ஊதலைத் தூக்கி அக்கரைப் பக்கம் ஆட்டியது. பிள்ளைகளுக்குப் புரிந்தது. அத்தனை பேரும் தட்டினார்கள். பொட்டு தொண்டை கிழியக் கத்தியது:

"ஒரே தாவல், சார்! மீதி வரக் கூடாது!"

நரி பல்லைக் கடித்தது. தாவியது.

முன்னங்கால் பாறையில். பின்னங்கால் பாறையில். வால் மட்டும் தண்ணீரில்.

அதன் பின்னால் வந்து குதித்த கீரி, வாலைத் தூக்கிப் பாறை மேல் போட்டது. "இப்போ மீதி இல்லை சார். நடங்க."

நீதி: அறிவு வழியைக் காட்டும், உடலுக்கும் பயிற்சி இருந்தால்தான் அந்த வழியைக் கடக்க முடியும்.