முப்பத்தொன்றாவது பிரதி

தூத்துக்குடியில் ரோஸ்லின் என்ற ஓவியர், பேட்டரிக் கடைக்குப் பின்னால் ஒரு லாரி ஷெட்டை வாடகைக்குப் பிடித்து ஸ்கிரீன் பிரிண்ட் போட்டுவந்தார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் படத்தைப் பதித்து, அதன் வழியே மையைத் தள்ளித் தாளில் அச்சிடும் முறை அது. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த கொம்பையா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயதில் ரோஸ்லினைவிட மிகவும் மூத்தவர். ஆனாலும் அவரை டீச்சர் என்றே அழைப்பார். ரோஸ்லினுக்கு இவர் அண்ணாச்சி.

கொம்பையா தன் முதல் படத்தை வெளியிட்டார். கிரேன் கூண்டிலிருந்து என்றோ பார்த்த காட்சி அது. உர மூட்டைகளின் மேல் ஒரு தொழிலாளி தூங்குகிறார். முகத்தைத் துண்டு மூடியிருக்கிறது. வெள்ளைத் தாளில் ஒரே நீலம்.

முப்பது பிரதிகள் மட்டும்தான், அதற்கு மேல் அச்சிட மாட்டேன் என்று அறிவித்திருந்தார். ஒவ்வொன்றிலும் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் பிரதியைத் தனக்கென்று ஷெட் சுவரில் மாட்டிக்கொண்டார். மற்றவை அன்றே தீர்ந்துவிட்டன.

"ஸ்கிரீனைக் கழுவிப் படத்த அழிச்சிரலாமா அண்ணாச்சி?"

"கொஞ்சம் கெடக்கட்டும் டீச்சர். இன்னும் யாராச்சும் கேட்டு வந்தா?"

ரோஸ்லின் ஸ்கிரீனை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவைத்தார்.

மறுநாள் காலையில் ஒரு பெண் வந்தார். பெயர் சண்முகக்கனி என்றார். சுவரில் இருந்த படத்தின் முன்னால் போய் நின்றவர், வெகுநேரம் நகரவில்லை.

"எம் மவ போன்ல காட்டுனா. நான்தான் நம்பல," என்றார். "இது எங்க வீட்டுக்காரரு."

"முகமே தெரியலையேம்மா," என்றார் கொம்பையா.

"காலப் பாருங்க. சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல ஏறியிருக்குல்ல?"

கொம்பையா பார்த்தார். வரைந்தது அவர்தான். கண்ணில் பட்டதை வரைந்தாரே தவிர, அது யாருடைய கால் என்று யோசித்ததில்லை.

"போன ஐப்பசியில தவறிட்டாரு. வீட்டுல இருக்கிற போட்டோவுல எல்லாம் முறைச்சுக்கிட்டுதான் நிக்காரு. நிம்மதியா இருக்கிறது இதுல மட்டுந்தான். எனக்கு ஒண்ணு வேணும்ணே."

கொம்பையா ரோஸ்லினை ஓரமாக அழைத்துப் போனார்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடுத்திருதேன் டீச்சர். நம்பர் வேண்டாம்."

"முப்பதுன்னு சொன்னீங்களே."

"வாங்குனவங்களுக்குத் தெரியவா போகுது?"

"தெரியாது."

"அப்போ போடட்டுமா?"

ரோஸ்லின் ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனார். படத்தை அழிக்கும் மருந்தைத் தடவினார். குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சினார். மூட்டைகள் கரைந்தன. துண்டு கரைந்தது. கடைசியில் துணி மட்டும் வெள்ளையாக நின்றது.

கொம்பையாவின் முகம் சிவந்துவிட்டது.

"அந்தம்மா நின்னுக்கிட்டு இருக்காங்க. அவங்களப் பாத்துமா இப்படிச் செஞ்சீங்க? ஒரு படம் குடுக்க மனசு வரலையே உங்களுக்கு!"

"குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லலையே," என்றார் ரோஸ்லின். குழாயை மூடினார். "சுவத்துல இருக்கே, அது யாருது?"

"அது என்னுது."

"ஆமா."

"நான் போட்டதுலயே முதல் படம் டீச்சர். அத எப்படி?"

ரோஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டார். "மத்தவங்ககிட்டச் சொன்ன சொல்ல மீறிக் குடுக்கணும்னதும் உடனே துணிஞ்சிட்டீங்க அண்ணாச்சி. உங்களோடதக் குடுக்கணும்னா மட்டும் தயங்குறீங்க."

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டார். சண்முகக்கனிக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. அவர் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரம் கழித்து கொம்பையா சுவரருகே போனார். படத்தைக் கழற்றி, தூசி தட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றி சண்முகக்கனி கையில் கொடுத்தார்.

"உங்களுக்குண்ணே?" என்றார் சண்முகக்கனி.

"நீங்க கொண்டு போங்கம்மா."

அவர் அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

கொம்பையா வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் போயிருந்தது. வருத்தம் போகவில்லை.

"படத்துல தூங்குறவரு எங்கூடவே இருப்பாருன்னு நெனச்சேன் டீச்சர்."

"வேலை முடிஞ்சுது அண்ணாச்சி," என்றார் ரோஸ்லின். "அவரு வீட்டுக்குப் போயிட்டாரு."