லோகநாயகி அம்மாளின் நம்பர்கள்

“அந்தம்மாவுக்கு இந்த ஜென்மத்துல கம்ப்யூட்டர் வராதுங்க டீச்சர்,” என்றார் மாரப்பன்.

ரேணுகா டீச்சர் கீபோர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்தம்மாவுக்குங்க?”

“லோகநாயகி அம்மாவுக்குத்தான். எழுபத்தாறு வயசுல அவங்களும் என்ன பண்ணுவாங்க, பாவம். நீங்க கவலைப்படாதீங்க. நேத்து உக்காந்து அத்தனையும் சரி பண்ணிப்போட்டேன்.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

மாரப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பெங்களூரில் இருபத்தெட்டு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் குப்பை கொட்டியவர். பெரிய பதவி, தனி அறை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும், வயசானவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ஆசை வந்துவிட்டது.

செக்கெண்ணெய்க் கடை மாடியில் அப்படி ஒரு வகுப்பு நடந்தது. நடத்துகிற ரேணுகாவுக்கு இவர் மகள் வயசு.

“கம்ப்யூட்டர் எனக்குத் தெரியுமுங்க. பெரியவங்களுக்கு எப்படிச் சொல்லித்தரோணும்னு மட்டும் காட்டிக் குடுங்க,” என்று போய் நின்றார்.

டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“ரெண்டு மாசம் லோகநாயகி அம்மா பக்கத்துல உக்காருங்க. எதுலயும் கை வைக்காதீங்க.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதானுங்க.”

இதென்னடா கூத்து என்றுதான் மாரப்பனுக்கு இருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே! லோகநாயகி அம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். காதில் ஹெட்போன். விரல் மட்டும் வலது ஓரத்து நம்பர் பட்டன்களை டக் டக்கென்று தட்டும். பாட்டுக் கேட்கிறார் என்று மாரப்பன் முடிவு கட்டிவிட்டார். வகுப்பில் உட்கார்ந்துகொண்டு பாட்டாம்!

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஸ்கிரீன் முழுக்க நூற்றி நாற்பது ஃபோல்டர். ஒன்றுக்காவது பெயர் உண்டா? 12. 31. 77. 214. வெறும் நம்பர். பார்க்கப் பார்க்க அவருக்குக் கை அரித்தது.

ஒருநாள் கேட்டே விட்டார்.

“ஏனுங்கம்மா, இந்த நம்பரெல்லாம் என்னதுங்க?”

“நான் டெலிபோன் எக்சேஞ்சில இருந்தவ தம்பி. அப்ப நம்மூர்ல நானூறு கனெக்சன். கரண்டாபீசு பன்னண்டு. பேங்கு முப்பத்தொண்ணு. டாக்டர் வீடு இருநூத்திப் பதினாலு. டாக்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் அதுக்குள்ள. எனக்குப் பேரைவிட நம்பர்தான் வாயில வரும்.”

மாரப்பன் சிரித்துவிட்டார். அதோடு மறந்தும் விட்டார்.

போன சனிக்கிழமை லேப்டாப்பில் ஃபேன் சத்தம் போடுகிறது என்று அந்தம்மாள் சொல்ல, சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். ஃபேனைச் சுத்தம் பண்ண அரை மணி நேரம். மீதி ஞாயிற்றுக்கிழமை பூராவும் ஃபோல்டர்தான்.

“மருத்துவம், வங்கி, வரி, குடும்பம்னு பிரிச்சு வருஷ வாரியா அடுக்கிட்டேன் டீச்சர். ஒண்ணையும் அழிக்கலை. ஒவ்வொரு நம்பருக்குள்ளயும் ஒரு ஆடியோன்னு நூத்தி நாப்பது ஃபைல் கெடந்துதுங்க, பாட்டுத்தானேன்னு போட்டுக்கூடக் கேக்கலை. அதை எல்லாம் பாடல்கள்னு ஒரு ஃபோல்டர்ல போட்டு வரிசையா ஒண்ணு, ரெண்டுன்னு பேர் வெச்சாச்சு.”

“பழைய நம்பரு?”

“எடுத்துப்போட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடாம.”

“அவங்களைக் கேட்டீங்களா?”

“கேட்டுட்டுச் செஞ்சா அதுல என்னங்க சந்தோசம்? காலைலயே வீட்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டேன்.”

டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. பாராட்டை எதிர்பார்த்து நின்ற மாரப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“மணி என்னங்க?”

“ஒண்ணே கால்.”

“ஐயோ!”

துணியைப் போட்டது போட்டபடி டீச்சர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “ஏறுங்க,” என்றார். மாரப்பன் ஏறினார்.

லோகநாயகி அம்மாளின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

நாற்காலியில் அவர் கணவர் சின்னச்சாமி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. எதிரே லோகநாயகி அம்மாள் மடி நிறைய மாத்திரை அட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். மேஜையில் லேப்டாப். விரல் இரண்டு, ஒன்று, நாலு என்று தட்டியது. என்டர் தட்டியது. மறுபடி இரண்டு, ஒன்று, நாலு.

சத்தமே வரவில்லை.

“ஆரு?” என்றார். இருவரும் நேர் எதிரில்தான் நின்றார்கள்.

“ரேணுகாங்கம்மா. மாரப்பன் சாரும் வந்திருக்காருங்க.”

“அம்மிணி, இது பேச மாட்டீங்குது. வெள்ளிக்கிழமைதான் டாக்டர் மாத்திரையெல்லாம் மாத்தினாரு. எனக்கு இன்னும் மனப்பாடம் ஆகலை. இது கையில இல்லாத நாளுக்குன்னு இன்னிக்குக் காலைல வரைக்கும் உள்ளதை முன்னாடியே பிரிச்சு வெச்சிருந்தேன், மத்தியானத்துக்கு இல்ல. இவருக்கு நேரமாச்சேன்னு குத்துமதிப்பா ஒண்ணு குடுத்துப்போட்டேன்.” குரல் உடைந்தது. “எதைக் குடுத்தேன்னு தெரியல அம்மிணி.”

மாரப்பன் ஒரு அட்டையைக் கையில் எடுத்தார். “அட்டை மேலயே எழுதியிருக்குமேங்கம்மா?” என்றார்.

அந்தம்மாள் ஒரு அட்டையைக் கண்ணுக்கு ஓரமாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு மடியிலேயே போட்டார்.

“அந்தப் பதிவைத் தேடி எடுங்க சார்,” என்றார் டீச்சர். “சீக்கிரம்.”

மாரப்பன் உட்கார்ந்தார். மருத்துவம் என்பதைத் திறந்தார். எல்லாம் காகிதங்களின் படம். பாடல்களைத் திறந்தார். பாடல் 1, பாடல் 2, பாடல் 3. நூற்றி நாற்பதும் ஒரே மாதிரி. எது 214? வைத்தவருக்கே தெரியவில்லை.

ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒவ்வொன்றிலும் லோகநாயகி அம்மாளின் குரல்.

“கரண்டு பில்லு. சர்வீஸ் நம்பர்...”

அடுத்தது.

“வீட்டுப் பத்திரம். கெழக்கால ராமசாமி தோட்டம், மேக்கால...”

அடுத்தது.

“இன்னிக்குக் கண்ணாஸ்பத்திரில சொல்லிட்டாங்க. நேரா பாக்கற பார்வை போயிருமாம். ஓரத்துல மட்டும் கொஞ்சம் நிக்குமாம். ஆறு மாசம் இருக்குது. அதுக்குள்ள வீட்ல இருக்கற அத்தனை காயிதத்தையும் வாய்விட்டுப் படிச்சு வெச்சுக்கோணும். பையன்கிட்டச் சொன்னா அப்பாவை ஹோமுல சேத்துப்போடுவான். ஆருகிட்டயும் சொல்லக் கூடாது.”

மாரப்பனின் விரல் பட்டனிலேயே ஒட்டிக்கொண்டது.

திரும்பிப் பார்த்தார். அந்தம்மாளின் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“அது வேற. முப்பத்தாறாம் நம்பர்,” என்றார். “இருநூத்திப் பதினாலைத் தேடு சாமி.”

ஐம்பத்து மூன்றாவது தட்டில் கிடைத்தது. மருந்துக்கடைக்காரர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்ன குரல்.

“காலைல சக்கரைக்கு ஒண்ணு, மூலை வெட்டின அட்டை. மத்தியானம் பிரசருக்கு ஒண்ணு, ரப்பர் பேண்டு ரெண்டு சுத்து...”

டீச்சர் கீழே கிடந்த, மாத்திரை பிரித்த அட்டையை எடுத்தார். மூலை வெட்டியிருந்தது.

“சக்கரை மாத்திரை,” என்றார். “காலைல ஒண்ணு, இப்ப ஒண்ணு.”

டீச்சர்தான் டாக்டரைப் போனில் பிடித்தார். உடனே சாப்பிடக் கொடுங்கள், அரை மணிக்கு ஒரு தரம் சுகர் பாருங்கள், வியர்த்தால் அந்த நிமிஷமே கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர்.

மாரப்பன் ஓடிப்போய் மருந்துக்கடையில் சுகர் பார்க்கும் மிஷின் வாங்கி வந்தார். சின்னச்சாமியின் விரலைக் குத்தி ஒவ்வொரு தடவையும் நம்பரைப் படித்துச் சொன்னார். லோகநாயகி அம்மாள் ஸ்பூன் ஸ்பூனாகச் சோறு ஊட்டினார். ஒரு பருக்கைகூடக் கீழே சிந்தவில்லை.

“எறங்கிருச்சா தம்பி?”

“கொஞ்சம் எறங்கிருக்குதுங்கம்மா.”

“இப்ப?”

“அப்படியே நிக்குதுங்க.”

“இப்ப?”

ஐந்து மணிக்கு மிஷின் நல்ல நம்பர் காட்டியது. டாக்டரும் போதும் என்றார். மாரப்பன் தரையில் உட்கார்ந்து, அந்தம்மாளின் காலைத் தொட்டுவிட்டார்.

“மன்னிச்சிருங்கம்மா. அறிவு கெட்டுப்போய்ப் பண்ணிப்போட்டேன்.”

“அதை விடு. பையன்கிட்டச் சொல்லிப்போடாத தம்பி. நாப்பத்தொம்பது வருசம் இவரு கூட இருந்துட்டேன். இவரு ஒரு எடம், நான் ஒரு எடம்னு ஆயிரும்.”

“என் உசிரு போனாலும் சொல்ல மாட்டேனுங்க.”

அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்ட, அந்தம்மாள் நம்பர் சொன்னார். எழுபத்தேழு. நூத்தி ஒண்ணு. ஒன்றுக்குக்கூட யோசிக்கவில்லை. நூற்றி நாற்பதும் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கடைசியில் அந்தம்மாளே இரண்டு, ஒன்று, நாலு தட்டினார். மாத்திரைக் குரல் வந்தது. முழுசும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாரப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

“டீச்சர், அவங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“எங்கிட்டயே அவங்க சொன்னதில்லீங்க.”

“அப்புறம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

“நானுந்தானுங்க ரெண்டு மாசம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்!”

டீச்சர் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார்.

“எதைப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்க?”

மாரப்பன் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

“ஸ்கிரீனைங்க,” என்றார்.