தத்தனின் தோப்பும் தளவாயின் அலறலும்

முன்பு ஒரு காலம். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். கோதண்டவர்மன் என்றொரு ராஜா. அன்று காலையிலிருந்து அவருக்குச் சிங்காசனத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

ஆற்றின் அக்கரையில் பக்கத்து நாடுகளின் தூதர் வந்து காத்திருந்தார். வாரத்தில் ஒருநாள் ஓய்வு கேட்ட குற்றத்துக்காக, உப்பளத்துக்காரர்கள் அறுபது பேரைத் தளவாய் வில்லவராயர் உப்புக் கொட்டடியில் போட்டுப் பூட்டியிருந்தார். இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவர்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார் தூதர்.

"என் எல்லைக்குள் நடப்பது என் விருப்பம்! அந்நியனுக்கு இங்கே என்ன வேலை?" என்று ராஜா குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

தளவாய்க்கு விகடகவி தத்தன்மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல். "இதைத் தூதர் மனம் கோணாமல் ஒப்புக்கொள்ளும்படி தத்தன் சொல்லட்டும், மகாராஜா. பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் தலையை வாங்கிவிடலாம்" என்றார்.

"உத்தரவு" என்றான் தத்தன். அவனுக்கு ஒரே பதைப்பு. தலையைப் பற்றி அல்ல, கொட்டடியில் கிடப்பவர்கள் பொழுது சாயும்வரை தாங்குவார்களா என்றுதான்.

ஆற்றங்கரைத் தோப்பு அவனுக்கு ராஜா கொடுத்த மானியம். 'இந்த நான்கு எல்லைக்குள் அரசனும் நுழையக் கூடாது' என்று செப்பேட்டில் வெட்டிக் கொடுத்திருந்தார். அந்த நாட்டில் மானியம் என்றால் அப்படித்தான். ஆலோசனை என்று சொல்லித் தளவாயை அங்கே அழைத்தான் தத்தன். அவனுடைய பனையேறும் மைத்துனர்கள் இருவர் அவரை மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அவர் போட்ட கூச்சல் அக்கரைக்கே கேட்டது.

ராஜா ஓடிவந்தார். எல்லைக்கல்லருகே தத்தன் செப்பேட்டோடு நின்றான்.

"கட்டை அவிழ்!"

"உள்ளே நடப்பது என் விருப்பம், மகாராஜா. தாங்கள் வெளியே நிற்கிறீர்கள்."

"அடேய், மனுஷன் அலறுகிறானடா! காதில் விழுந்தும் சும்மா நிற்கச் சொல்கிறாயா?"

"அக்கரையில் நிற்பவரும் அதைத்தான் கேட்கிறார், மகாராஜா."

ராஜா அக்கரையைப் பார்த்தார், செப்பேட்டைப் பார்த்தார். சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஜெயித்துவிட்டாய்! கொட்டடியைத் திறக்கச் சொல்கிறேன். பரிசு என்ன வேண்டும், கேள்."

"திறக்கும்போது தூதரும் கூட நிற்கட்டும்."

சிரிப்பு நின்றது. "என் வாக்கில் நம்பிக்கை இல்லையா?"

"இருக்கிறது, மகாராஜா. அவர்களுக்குத் தாகமும் இருக்கிறது."

ராஜா தாமே கரையிறங்கி ஓடத்தை அக்கரைக்கு அனுப்பினார். கொட்டடியிலிருந்து அறுபது பேரும் வெளியே வந்தார்கள், ஏழு பேர் மற்றவர்கள் தோளில். அவர்கள் எல்லோரும் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான், தளவாயை அவிழ்க்க வேண்டும் என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது.