செவலை கொடுத்த கால்

மிருகங்களும் மனிதரும் ஒரே பேச்சு பேசிய அந்தக் காலத்தில், குதிரைகள் யாரையும் தங்கள் காலைத் தொட விட்டதில்லை. நொண்டுகிற குதிரையைத்தான் சிறுத்தை முதலில் குறிவைக்கும். அதனால் எவ்வளவு வலித்தாலும் குதிரைகள் காட்டிக்கொள்ளாமல் நடந்துவிடும்.

செவலை என்ற பெண்குதிரை ஒரு கூட்டத்தை நடத்தி வந்தது. ஒரு கோடையில் அதன் முன்னங்கால் குளம்பு அடி விளிம்பிலிருந்து மேல்நோக்கி வெடித்தது. கற்குன்றைத் தாண்டினால்தான் தண்ணீர். செவலை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தது. பின்னாலேயே வந்த அதன் குட்டிக்குக்கூடத் தெரியவில்லை.

ஆற்றங்கரையில் தோணி செதுக்கிக்கொண்டிருந்த கொற்றி என்பவள் மட்டும் மணலைக் கவனித்தாள்.

“தாயி, அந்தக் காலுக்கு என்ன?”

“ஒன்றுமில்லையே.”

“மற்ற மூன்று தடமும் ஆழமாக இருக்கிறது. அது மட்டும் பட்டும் படாமலும் பதிந்திருக்கிறது. காலைக் கொடு, பார்க்கிறேன்.”

“மூன்று காலில் நிற்கிற குதிரையால் ஓட முடியாது, கொற்றி.”

“வெடிப்பு மேலே ஏறிவிட்டால் நான்கு கால் இருந்தும் ஓட முடியாது.”

செவலை குட்டியைப் பார்த்தது. பிறகு காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தது.

கொற்றி உள்ளங்கையைக் குளம்பின்மேல் வைத்தாள். கொதித்தது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் செவலை துடித்தது. அங்கே உளியால் மெல்லக் கீறியதும் கறுப்பாகச் சீழ் வடிந்தது. உப்புநீரால் கழுவினாள். மரத்தில் விரிசல் ஓடாமலிருக்க விரிசல் முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு வெட்டுவது அவள் வழக்கம். இங்கும் அப்படியே வெட்டத் தொடங்கினாள்.

அப்போது புதருக்குள் சிறுத்தை உறுமியது. கூட்டம் சிதறி ஓடியது.

“அசைந்தால் உளி சதையில் இறங்கிவிடும்” என்றாள் கொற்றி.

செவலையின் உடம்பெல்லாம் உதறியது. மடியில் இருந்த கால் மட்டும் அசையவில்லை. தலைவி ஓடாமல் நிற்பதைக் கண்ட குதிரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து இருவரையும் சுற்றி நின்றன. பின்னங்கால்கள் வெளிப்பக்கம் ஓங்கியிருந்தன. சிறுத்தை பின்வாங்கியது.

கொற்றி குறுக்குக் கோட்டை வெட்டி முடித்தாள். பிறகு வெடிப்புக்குக் கீழே விளிம்பைச் சீவி, அந்த இடம் தரையில் படாதபடி செய்தாள். “இது நகம் மாதிரி. வெடித்தது ஒட்டாது, புதிது வளர்ந்து இறங்க வேண்டும். அதுவரை அடிக்கடி வா, சீவிவிடுகிறேன்.”

செவலை சொன்னபடி வந்தது. குளம்பு முழுசாக வளர்ந்த பிறகும் வந்தது, மற்றக் குதிரைகளையும் அழைத்துக்கொண்டு.

அந்த நாளிலிருந்துதான், பேச்சு மறந்துபோன பின்னும், காலை லேசாகத் தட்டினால் போதும்: குதிரை தன் பாரத்தை மூன்று காலில் தாங்கிக்கொண்டு, நான்காவதை மனிதரின் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறது.